மூலிகைக் கிரீம்: விற்பதற்கு முன் சில வார்த்தைகள்

வரும் பொங்கல் விழாவில் நமது சங்கத்தின் மகளிர் பிரிவினர் தங்கள் கையாலேயே ஒரு மூலிகைக் கிரீம் தயாரித்து, டப்பாவில் அடைத்து, ஸ்டால் போட்டு விற்பதாக யோசனை வந்திருப்பது உறுப்பினர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். கல்கத்தா குளிரில் வரும் பித்த வெடிப்புக்கும், முழங்கை வறட்சிக்கும், பாத்திரம் தேய்த்துத் தேய்த்துச் சொரசொரத்துப் போன கைகளுக்கும் ஏற்றது என்கிறார்கள். நல்ல யோசனைதான். வீட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வருமானம், சங்கத்துக்கு ஒரு பெயர், நம் ஊர் மூலிகைக்கு ஒரு மரியாதை. ஆனால் செயற்குழுவில் "முதலில் சோதனை, பிறகு விற்பனை" என்று நான் சொன்னது சிலருக்கு வருத்தத்தைத் தந்திருக்கிறது. "எங்க பாட்டி காலத்திலேர்ந்து பூசிண்டு வர சாமான் சார், இதுக்குப் போய் டெஸ்டா?" என்று ஒரு மாமி கேட்டார். அங்கே நேரமில்லாததால் சொல்ல முடியாததை, பத்திரிகை ஆசிரியர் இடம் கொடுத்திருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் வைத்தியன் அல்லன். சித்த மருத்துவம் படித்தவனும் அல்லன். திருச்சிப் பக்கத்திலிருந்து மெக்கானிக்கல் டிப்ளமோவோடு ரயிலேறி வந்து, லிலுவா பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் கிரீமைப் பற்றிப் பேச எனக்கு ஒரு சின்ன உரிமை உண்டு. கிரீமுக்குத் தூரத்து உறவான கிரீஸோடு என் ஆயுளில் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. வண்டியின் ரோலர் பேரிங்கில் அடைக்கிற கிரீஸ் வேறொன்றுமில்லை. மசகு எண்ணெயை லித்தியம் சோப்பைக் கொண்டு கெட்டிப்படுத்தியது. சோப்பு சரியாக இல்லாவிட்டால் எண்ணெய் கசிந்து பிரியும். பிரிந்தால் பேரிங் காயும். காய்ந்தால் அச்சு சூடேறும். அதற்குப் பிறகு நடக்கக்கூடியதை ரயில்வேக்காரர் வீடுகளில் நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் ஒவ்வொரு தொகுதி கிரீஸும் லேபரட்டரிக்குப் போய், தாள் வாங்கிக்கொண்டு வந்த பிறகே டப்பா திறக்கப்படும். சப்ளை செய்தவர் எத்தனை தலைமுறைக் கம்பெனி என்று யாரும் கேட்பதில்லை.

மாமி சொன்னதில் பாதி முழுக்க முழுக்கச் சரி. பாட்டி பூசியது உண்மை. ஆனால் பாட்டி பூசியது கிரீம் அல்ல, தைலம். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் வீட்டில் பாட்டி தைலம் காய்ச்சியதைப் பார்த்தவன் நான். இலைச் சாற்றையும் எண்ணெயையும் சேர்த்து அடுப்பில் வைத்தால் முதலில் கொதிக்கும், நுரைக்கும், சலசலக்கும். சாற்றில் உள்ள தண்ணீரெல்லாம் ஆவியாகிப் போகும்வரை சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் தங்கும் கற்கத்தை விரலில் உருட்டிப் பார்த்து கடுகு பதம், மெழுகு பதம், மணல் பதம் என்று சொல்வார்கள். பிறகு ஒரு துணித் திரியை அந்த எண்ணெயில் நனைத்து விளக்கில் காட்டுவார்கள். சடசடவென்று வெடித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். திரும்பவும் அடுப்பில் வைக்க வேண்டியதுதான். சத்தமில்லாமல் எரிந்தால்தான் இறக்குவார்கள். இது சோதனை இல்லாமல் வேறென்ன? எண்ணெயில் ஈரம் எவ்வளவு என்று நாங்கள் லேபரட்டரியில் பார்ப்பதைப் பாட்டி ஒரு திரியை வைத்துப் பார்த்தாள். முதல் காரியம் சூடான தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சடசடக்கிறதா என்று கேட்பதுதான், அங்கேயும்.

தண்ணீரை ஏன் இவ்வளவு கவனமாக விரட்டினார்கள்? தண்ணீர் இல்லாத இடத்தில் பூஞ்சணமும் கிருமியும் வளராது. அதனால் தைலம் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருந்தது. கிரீம் என்பதோ எண்ணெயோடு தண்ணீரை வேண்டுமென்றே சேர்ப்பது. நாம் வாங்கும் சாதாரண கிரீமில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். பாட்டி ஒரு மணி நேரம் அடுப்படியில் வெந்து எதை வெளியே அனுப்பினாளோ, அதையே நாம் கிண்ணத்தில் அளந்து உள்ளே ஊற்றுகிறோம். ஊற்றிவிட்டு, பாட்டியின் தைலத்துக்கு இருந்த நற்பெயரை இந்த டப்பாவின் மேல் ஒட்டுவது நியாயமா?

எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது குழந்தைக்கும் தெரியும். சேர்த்து நிறுத்த இரண்டுக்கும் உறவான ஒரு பொருள் வேண்டும். எமல்சிபையர் என்பார்கள். நம் சமையலறையிலேயே உதாரணம் உண்டு. பால் என்பது தண்ணீரில் மிதக்கும் கொழுப்பு. வெண்ணெய் என்பது கொழுப்பில் சிக்கிய தண்ணீர். மத்தால் கடைவது ஒன்றை உடைத்து மற்றதாக்குகிற வேலை. பழைய கோல்டு கிரீம் முறையில் தேன்மெழுகையும் வெங்காரத்தையும் சேர்ப்பார்கள். மெழுகின் அமிலமும் வெங்காரமும் கலந்து அங்கேயே ஒரு சோப்பு உண்டாகி எண்ணெயையும் தண்ணீரையும் கட்டி வைக்கும். இப்போது எமல்சிபையிங் வாக்ஸ் கடையிலேயே கிடைக்கிறது.

மகளிர் பிரிவுச் சகோதரிகள் இரண்டு பேரோடு சேர்ந்து என் வீட்டு அடுப்பில் செய்து பார்த்த ஒரு கலவையைச் சொல்கிறேன். 100 கிராமுக்குக் குப்பைமேனி காய்ச்சிய தேங்காய் எண்ணெய் 20 கிராம், எமல்சிபையிங் வாக்ஸ் 6, தேன்மெழுகு 2, கிளிசரின் 4, காய்ச்சி வடித்த நீர் 67, கெடாமல் காக்கும் பொருள் 1. எண்ணெய்ப் பகுதியைத் தனியாகவும் தண்ணீர்ப் பகுதியைத் தனியாகவும் 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்கி, ஒன்றில் ஒன்றை மெல்ல ஊற்றி, ஆறும்வரை விடாமல் கலக்க வேண்டும். ஒன்று சூடாகவும் மற்றொன்று ஆறியும் இருந்தால் மெழுகு பொரிப்பொரியாகத் திரண்டு ரவை உப்புமாவைப் போல் ஆகிவிடும். கையில் எடைத்தராசு இல்லாமல் "ஒரு கரண்டி, ஒரு கை" என்று செய்தால் இன்று வந்தது நாளை வராது. ஒவ்வொரு முறையும் எடை, சூடு, தேதி, யார் கலக்கினார்கள் என்பதை நோட்டில் எழுதச் சொன்னேன். ஆரம்பத்தில் சிரித்தார்கள், இப்போது அவர்களே எழுதுகிறார்கள்.

இந்தக் கலவை அழகாக வந்தது. அன்றைக்கே விற்றுவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் கல்கத்தா என்ன செய்யும் என்பதை நினைத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் உருகுவது சுமார் 24 டிகிரியில். ஜனவரி மாதம் பாட்டிலைக் கவிழ்த்தாலும் எண்ணெய் விழாமல் ஹீட்டர் பக்கத்தில் வைக்கிறோம். மே மாதம் அதே எண்ணெய் தண்ணீராக ஓடுகிறது. ஜனவரியில் பொங்கல் ஸ்டாலில் வாங்கிய கிரீம் மே மாதம் அந்த வீட்டு அலமாரியில் எப்படி இருக்கும்? இதை அறிய மே வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்தியத் தர நிர்ணயத்தில் தோல் கிரீமுக்கென்று ஐ.எஸ். 6608 என்று ஒரு தரம் இருக்கிறது. அதன்படி 45 டிகிரியில் 48 மணி நேரம் வைத்தும் எண்ணெய் பிரியக்கூடாது. நாங்கள் அதற்கும் மேலே போய், ஒரு டப்பாவைப் பிரிட்ஜில் ஒரு நாள், வெளியே ஒரு நாள் என்று மாற்றி மாற்றி வைத்தோம். நான்காவது சுற்றில் ஓரத்தில் நீர் கோத்தது. மெழுகைக் கூட்டியதும் நின்றது. விற்ற பிறகு வாங்கியவர் வீட்டில் நடந்திருக்க வேண்டியது என் வீட்டுப் பிரிட்ஜிலேயே நடந்து முடிந்தது.

நீர் கோப்பதாவது கண்ணுக்குத் தெரியும். கிருமி தெரியாது. "எங்கள் கிரீமில் பிரிசர்வேட்டிவ் எதுவும் கிடையாது" என்று பெருமையாக எழுதலாம் என்று ஒரு யோசனை வந்தது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தண்ணீரும், மூலிகைச் சாறும், அதிலுள்ள சர்க்கரையும் சேர்ந்த ஒரு பொருளை நம் ஊர்ப் புழுக்கத்தில் வைத்து, தினமும் ஈர விரலை விட்டு எடுத்துக்கொண்டிருந்தால் அது கிரீம் அல்ல, கிருமிக்கு வைத்த படையல். அதிலும் கற்றாழைச் சோற்றைப் பச்சையாக அரைத்துச் சேர்ப்பது மிகவும் ஆபத்து. (கற்றாழையை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலை வடியவிடாமல் சேர்த்தால் அரிப்பு வேறு வரும். ஊரில் மடலை நிமிர்த்தி வைத்து மஞ்சளை வடித்த பிறகே சோற்றை எடுப்பார்கள்; இங்கே மிக்ஸி இருப்பதால் அந்தப் பொறுமை போய்விட்டது.) இந்தக் கிரீமைப் பூசப்போவது பித்த வெடிப்பில், அதாவது தோல் பிளந்த இடத்தில். உள்ளே போக வழி திறந்திருக்கிற இடத்தில் கிருமியை விரலால் தடவிக்கொடுப்பதுபோல ஆகும்.

வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் கெடாது என்று பலரும் நம்புகிறார்கள். அது எண்ணெய் சிக்கு வாடை பிடிக்காமல் காக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது. சோடியம் பென்ஸோயேட் ஊறுகாயில் போடுவதுதானே என்றார் ஒருவர். ஊறுகாயில் புளிப்பு இருக்கிறது. புளிப்பான இடத்தில்தான் அது வேலை செய்யும். நம் கிரீம் புளிப்பா காரமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பி.எச். தாள் வாங்கலாம், விலை அதிகமில்லை. தாளில்லாவிட்டால் நம் வீட்டு ஆரத்தித் தட்டே போதும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதல்லவா? காரத்தைக் கண்டால் மஞ்சள் சிவக்கும். மஞ்சள் சேர்த்த கிரீம் இரண்டு நாளில் செங்கல் நிறத்துக்குத் திரும்பினால் அது காரமாக இருக்கிறது. அதில் போட்ட சோடியம் பென்ஸோயேட் வீண். நம் தோல் இயல்பாகவே சற்றுப் புளிப்பு, பி.எச். 5க்குப் பக்கத்தில். வெங்காரம் சேர்த்த கிரீம் காரப் பக்கம் போவதால் அதை நாங்கள் கைவிட்டோம்.

இதற்கு மேல் வீட்டில் செய்ய முடியாது. அங்கீகாரம் பெற்ற லேபரட்டரிக்குத்தான் போக வேண்டும். ஒரு கிராம் கிரீமில் 1000 கிருமிகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது தரம். அதுவும் செய்த அன்றைக்கு மட்டும் பார்த்தால் போதாது. கிரீமில் வேண்டுமென்றே கிருமியைக் கலந்து, 28 நாட்கள்வரை எண்ணிக்கொண்டே வந்து, பிரிசர்வேட்டிவ் அதைக் கொல்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. பாலத்தின் மேல் கனத்தை ஏற்றிப் பார்த்தே வண்டியை விடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் விற்பதற்கு நான் கை தூக்க மாட்டேன்.

இனி மூலிகைக்கு வருகிறேன். ஊரை விட்டு வந்த நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஊரில் பாட்டி குப்பைமேனியைக் கொல்லையில் போய்ப் பறித்தாள். செடியை முகம் பார்த்து அறிந்தவள். இங்கே நாம் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம். குப்பைமேனிக்கு வங்காளத்தில் முக்தஜுரி என்று பெயர். லேக் மார்க்கெட்டில் நம் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள். பிராமி என்றால் ஒருவர் வல்லாரையைத் தருவார், இன்னொருவர் நீர்ப்பிரமியைத் தருவார். இரண்டும் வெவ்வேறு செடி. வெட்பாலையின் கதை இன்னும் மோசம். சொரியாசிஸுக்கு நம்மவர்கள் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் வைக்கும் வெட்பாலை இலை ஒன்று. அதன் பெயரையே சில இடங்களில் தாங்கி நிற்கும் குடசப்பாலை, வங்காளிகள் வயிற்றுப்போக்குக்குத் தரும் குர்ச்சி, வேறு. விதையில்கூட ஒன்றை இனிப்பு இந்திரஜவ், மற்றதைக் கசப்பு இந்திரஜவ் என்று நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் பிரித்துச் சொல்வார்கள். உண்மையான வெட்பாலை இலையில் நீலச் சாயம் இருக்கிறது. எண்ணெய் வெயிலில் ஊதா நிறமாவது அதனால்தான். ஆக, பொட்டலத்தில் வந்த காய்ந்த இலை எது என்று தெரியாமல் "பாரம்பரியம்" என்று சொல்வதில் பொருளில்லை. போடானிக்கல் கார்டன் நமக்குக் கங்கைக்கு அந்தப் பக்கம் சிவ்பூரிலேயே இருக்கிறது. செடியைப் பூவோடு கொண்டுபோய்க் காட்டி அடையாளம் கேட்பதில் என்ன சிரமம்?

மஞ்சளிலும் கவனம் தேவை. பளீர் நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தை ஏற்றுகிற பழக்கம் நமக்குப் பக்கத்து பங்களாதேஷில் இருந்ததை 2019இல் ஆராய்ச்சியாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த அரசாங்கமும் நடவடிக்கை எடுத்தது. பொடியாக வாங்காமல் விரலியாக வாங்கி, கழுவிக் காயவைத்து நாமே அரைப்பதுதான் நல்லது. அதன் பிறகும் ஈயச் சோதனை வேண்டும். கிரீமில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கும், ஆர்சனிக் 2 பங்குக்கும் மேல் போகக்கூடாது.

"மூலிகைதானே, என்ன கெடுதல் வந்துவிடும்?" என்று கேட்பவர்களுக்கு நான் மூன்று செடிகளைக் காட்டுவேன். முதலாவது சேராங்கொட்டை. சலவைக்காரர்கள் துணியில் குறி போடுவது அதன் பாலால்தான். அந்தக் குறி பட்ட சட்டைக் காலரால் கழுத்தில் கொப்புளம் வந்தவர்கள் உண்டு. இரண்டாவது பார்த்தீனியம். 1950களில் புனே பக்கம் முதலில் கண்ணில் பட்ட இந்தக் களை, இன்று தண்டவாள ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கிறது. அதை வெட்டுகிற கேங்மேன்கள் எத்தனை பேர் முகமும் கழுத்தும் தடித்து, கறுத்து, வெயிலில் நிற்க முடியாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அதுவும் இயற்கை கொடுத்த செடிதான். மூன்றாவது நம் நலங்கு மாவிலேயே இருக்கிறது: கார்போக அரிசி. தேய்த்துக் கழுவிவிடுகிற பொடியில் அது இருந்தது. கழுவாமல் பூசி விடுகிற கிரீமில் அதைச் சேர்த்து வெயிலில் போனால் தோல் கன்றிக் கொப்புளிக்கும், பிறகு கறுக்கும். அதிலுள்ள ஸோரலின் என்ற பொருள் வெயிலோடு சேர்ந்துதான் வேலை செய்யும். வைத்தியர்கள் வெண்புள்ளிக்கு அதை அளந்து பயன்படுத்துவதே அதற்காகத்தான். சகோதரிகளின் முதல் பட்டியலில் இது இருந்தது. நலங்கு மாவில் இருப்பதால் சேர்த்திருந்தார்கள். எடுத்துவிட்டோம்.

நம்மிடையே நடந்த ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற கார்டு ஒருவரின் மகள். கல்யாணம் நிச்சயமான பெண். நிறம் கூடும் என்று யாரோ சொல்லி, லேபிள் சரியாக இல்லாத ஒரு டப்பாக் கிரீமை வாங்கித் தினமும் இரண்டு வேளை பூசினாள். "முழுக்க மூலிகை" என்று சொல்லித்தான் விற்றார்கள். முகம் வெளுத்தது உண்மை. மூன்றாம் மாதம் கால் வீங்கியது, முகம் வீங்கியது, சிறுநீரில் புரதம் போயிற்று. சிறுநீரக மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன கிரீம் பூசுகிறாய்?" டப்பாவைச் சோதித்ததில் பாதரசம். பாதரசம் தோலின் நிறப்பொருள் உண்டாவதைத் தடுக்கும். கூடவே தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2023இல் மருத்துவர்கள் வரிசையாகக் கண்டு சொன்னதும் இதே கதைதான். கிரீமை நிறுத்தி மருந்து சாப்பிட்டு அந்தப் பெண் தேறிவிட்டாள். கல்யாணம் ஓராண்டு தள்ளிப் போயிற்று. அந்த வீட்டில் அம்மா இன்றைக்கும் யாரிடமும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. வேறு சில "மூலிகை" டப்பாக்களில் ஸ்டீராய்டு இருக்கும். மூன்றே நாளில் அரிப்பு நின்றது, முகம் பளபளத்தது என்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் தரக்கூடாது என்று அரசாங்கம் 2018இல் கெடுபிடி செய்ததே மக்கள் முகமெல்லாம் அதனால் பாழானதற்குப் பிறகுதான்.

நம் சகோதரிகள் பாதரசம் கலக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் வாங்குகிறவர் எப்படி அறிவார்? ஸ்டாலில் நிற்கிற அந்நியருக்கு நம் டப்பாவும் அந்த டப்பாவும் ஒன்றுதான். இரண்டிலும் "மூலிகை" என்ற ஒரே வார்த்தை. நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் காட்டக்கூடியது சோதனைத் தாள் ஒன்றே. பாதரசம் பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேல் இல்லை என்று அந்தத் தாள் சொல்ல வேண்டும்.

மனிதர் தோலில் செய்யும் சோதனைக்கு வருவோம். காதுக்குப் பின்னால் ஒரு முறை தடவி, "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வது போதாது. எரிச்சல் உடனே தெரியும், ஒவ்வாமை அப்படியல்ல. உடம்பு ஒரு பொருளை முதல் முறை பார்த்து, அடையாளம் வைத்துக்கொண்டு, அடுத்த முறைதான் சண்டைக்கு வரும். அதற்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். தோல் மருத்துவர் பட்டை ஒட்டி 48 மணி நேரம் கழித்தும், பிறகு 96 மணி நேரத்திலும் பார்ப்பது அதனால்தான். வீட்டில் செய்யக்கூடியது, முழங்கை மடிப்புக்குக் கீழே ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை ஒரு வாரம் பூசிப் பார்ப்பது.

கிரீம் கெடுதல் செய்யாது என்பது ஒன்று. நன்மை செய்கிறது என்பது வேறு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. நாங்கள் ஏழெட்டு வீடுகளில் ஒரு சின்ன முயற்சி செய்து பார்த்தோம். இடது குதிகாலுக்கு ஒரு டப்பா, வலது குதிகாலுக்கு ஒரு டப்பா. ஒன்றில் குப்பைமேனி உண்டு, மற்றதில் வெறும் தேங்காய் எண்ணெய், மீதியெல்லாம் ஒன்றே. மேலே அ, ஆ என்று எழுத்து மட்டும். எது எது என்பது என் நோட்டில். பாதி வழியிலேயே தோல்வி. ஒன்று பச்சையாக இருந்ததால் "பச்சைதான் நல்லாக் கேக்கறது" என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள்! கண்ணும் மூக்கும் சாட்சி சொன்ன பிறகு குதிகாலைக் கேட்டு என்ன பயன்? இப்போது இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே வாசனை வருமாறு செய்திருக்கிறோம். என் சொந்த எண்ணம் என்னவென்றால், வெடிப்பு ஆறுவதில் பெரும் பங்கு மெழுகுக்கும் கிளிசரினுக்கும்தான். தண்ணீரைத் தோலில் பிடித்து நிறுத்துவது அவைதாம். குப்பைமேனி அதற்கு மேல் என்ன செய்கிறது என்பது இனிமேல்தான் தெரியவேண்டும். ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்தால் அதையும் சொல்லிவிட்டு நல்ல மெழுகுக் கிரீம் என்றே விற்கலாமே!

நாம் வாழும் இந்த ஊரே இதற்கு நல்ல வழிகாட்டி. ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் 1901இல் பெங்கால் கெமிக்கல்ஸைக் கம்பெனியாக்கியபோது வெள்ளைக்காரன் மருந்தை மட்டும் செய்யவில்லை. நம் ஆடாதோடையை சிரப்பாக்கினார், ஓம வாட்டரைப் பாட்டிலில் அடைத்தார். பிரெசிடென்சி கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தவர், அளவும் தரமும் வைத்துச் செய்ததால்தான் டாக்டர்கள் எழுதிக்கொடுத்தார்கள். 1929இல் கௌர்மோகன் தத்தா தொடங்கிய போரோலின் இன்றைக்கும் எந்த வங்காளி வீட்டில் இல்லை? போரிக் அமிலம், துத்தநாக ஆக்ஸைடு, லேனோலின். டியூபின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அது உள்ளே இருக்கிறது. மஞ்சள் விஷயத்தையும் நினைத்துப் பாருங்கள். புண்ணை ஆற்ற மஞ்சள் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் பேடன்ட் கொடுத்துவிட்டார்கள். நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் வழக்காடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. வெறும் "எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்" என்ற பேச்சால் அல்ல. பழைய நூல்களும், அச்சில் வந்த மருத்துவக் கட்டுரைகளும் எடுத்து வைத்துத்தான். எழுதி வைத்தது நின்றது.

சட்டத்தைப் பற்றி இரண்டே வரி. விற்பதற்குச் செய்தால், 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி மாநில உரிமம் வேண்டும். சொந்த இடமில்லாதவர்கள் உரிமம் பெற்ற இன்னொரு தொழிற்கூடத்தில் கடன் உரிமத்தின் பேரில் செய்துகொள்ளலாம். "குணப்படுத்தும்" என்று எழுதினால் அது மருந்தாகிவிடும், அதற்கு வேறு உரிமம். வெண்புள்ளி போன்றவற்றுக்குக் குணம் என்று விளம்பரம் செய்யவே 1954ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை. தொகுதி எண், செய்த தேதி, உள்ளே இருப்பவை எல்லாம் டப்பாவில் இருக்க வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. இந்தப் பொங்கலுக்குக் கிரீம் வேண்டாம். தண்ணீர் சேராத தைலத்தை, பாட்டியின் திரிச் சோதனையோடு, அவரவர் வீட்டு உபயோகத்துக்குக் காய்ச்சிக் கொள்ளட்டும். ஸ்டாலில் செய்முறையைக் காட்டட்டும், கூட்டம் தானாக வரும். லேபரட்டரிச் செலவைச் சங்க நிதியிலிருந்து தர வேண்டும். பணம் எங்கே என்று பொருளாளர் கேட்டார். ஒவ்வொரு ஆண்டும் மெல்லிசைக் குழுவுக்குத் தருவதில் ஒரு பகுதி போதும் என்று நினைக்கிறேன். (மெல்லிசை ரசிகர்கள் மன்னிக்கவும்.) தாள் கைக்கு வந்து, கடன் உரிமமும் கிடைத்துவிட்டால் அடுத்த பொங்கலுக்கு முதல் டப்பாவை நானே வாங்குகிறேன்.

குளிர்காலம் முடிவதற்குள் குதிகால் சோதனையை மறுபடி நடத்தப்போகிறோம். நம் உறுப்பினரான தோல் மருத்துவர் ஒருவர் எந்த டப்பா எது என்று தெரியாமலே பார்த்துக் குறிப்பெடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். நான்கு வாரம், தினமும் இரவு கால் கழுவித் துடைத்த பிறகு பூச வேண்டும். வேறு எதுவும் அந்த நாட்களில் தடவக்கூடாது. இரண்டு குதிகாலும் ஒரே மாதிரி வெடித்திருப்பவர்கள் நூலகத்தில் உள்ள நோட்டில் பெயர் எழுதலாம். கர்ப்பிணிகள், குழந்தைகள், எக்ஸிமாவோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் தயவு செய்து எழுத வேண்டாம். ஆண்களும் எழுதலாம், இதுவரை ஒருவரும் எழுதவில்லை.